மரத்தில் சாய்ந்து நின்ற 1882 வின்செஸ்டர்: பழைய ரைஃபிளுக்கு பாலிஷ் போட்டால் ஏன் மதிப்பு போய்விடும்? எந்தத் தோட்டா போட்டால் ஆபத்து?

2014 நவம்பர். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்கா. தொல்லியல் பணியில் இருந்த ஊழியர்கள் ஒரு ஜூனிபர் மரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். மரத்தில் ஒரு துப்பாக்கி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மரக்கட்டை வெயிலிலும் பனியிலும் வெளுத்து, விரிசல் விட்டிருந்தது. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. குழல் முழுக்க துரு. யாரோ 'இதோ வந்துடறேன்' என்று வைத்துவிட்டுப் போய், திரும்பி வராதது போல இருந்தது.

அது வின்செஸ்டர் 1873 மாடல் ரைஃபிள். அதிலிருந்த வரிசை எண்ணை வயோமிங் மாநிலம் கோடி நகரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தின் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளில் தேடினார்கள். 1882-ல் தயாராகி அனுப்பப்பட்டது என்பது தெரிந்தது. யாருக்கு அனுப்பப்பட்டது என்பது மட்டும் பதிவில் இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, துப்பாக்கியில் தோட்டா நிரப்பப்படவில்லை. ஆனால் கட்டைக்குள் இருந்த சிறிய அறையில் ஒரு தோட்டா பத்திரமாக இருந்தது!

ரிப்பீட்டர் ரைஃபிள்னா என்ன?

அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை ஒருமுறை சுட்டதும் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்ப வேண்டும். ரிப்பீட்டரில் பல தோட்டாக்களை ஒரே நேரத்தில் நிரப்பிக் கொள்ளலாம். விசைக்குக் கீழே இருக்கும் லீவரை இறக்கினால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழும். லீவரை ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். அவ்வளவுதான்.

1860-ல் வந்த ஹென்றி ரைஃபிள் இதன் முன்னோடி. குழலுக்கு அடியில் இருந்த நீளமான குழாயில் சுமார் 16 தோட்டாக்கள் அடங்கும். 1866 வின்செஸ்டரில் பக்கவாட்டு வழியாகத் தோட்டா போடும் வசதி வந்தது. அதன் உடல்பகுதி வெண்கல நிறத்தில் மின்னியதால் 'யெல்லோ பாய்' என்று பெயர். அதற்குப் பிறகு வந்த 1873 மாடல், 7 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது.

'ஆன்டிக்' என்று எதை வைத்து சொல்றாங்க?

அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 அல்லது அதற்கு முன் தயாரான துப்பாக்கி 'ஆன்டிக்' வகையில் வரும். இங்கேதான் பலரும் குழம்புவார்கள். மாடல் வெளிவந்த ஆண்டு கணக்கில்லை. அந்தத் துப்பாக்கி தயாரான ஆண்டுதான் கணக்கு. 1897-ல் தயாரான 1894 மாடல் ஆன்டிக். அதே மாடல் 1905-ல் தயாராகியிருந்தால் ஆன்டிக் அல்ல. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் வரிசை எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு. இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டங்களும் உண்டு.

பாலிஷ் போட்டா ஏன் விலை குறையுது?

சேகரிப்பாளர்கள் தேடுவது பளபளப்பை அல்ல, அசலை. தொழிற்சாலையில் கொடுத்த நீலப் பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கட்டை தேய்க்கப்படாமல் இருக்கிறதா, திருகுகள் பழையவையா, குழலில் உள்ள எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நல்லெண்ணத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப்பூச்சு அடித்தால் அந்த அடையாளங்கள் போய்விடும். மறுபடி கொண்டுவரவே முடியாது.

அபூர்வ வகைகளில் போலிகளும் உண்டு. 1873 மாடலில், சோதனையில் மிகத் துல்லியமாகச் சுட்ட குழல்களைத் தேர்ந்தெடுத்து 'ஒன் ஆஃப் ஒன் தவுசண்ட்' என்று பொறித்து விற்றார்கள். அப்படி வந்தவை சுமார் 130 மட்டுமே. 1950-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த 'வின்செஸ்டர் 73' படம், இப்படியொரு துப்பாக்கியைச் சுற்றிய கதைதான். படத்தின் விளம்பரத்துக்காக, மிச்சமிருப்பவற்றைத் தேடும் முயற்சியும் நடந்தது. பெயரைப் பொறிப்பது யாருக்கும் எளிது என்பதால், கோடி அருங்காட்சியகப் பதிவேட்டில் இருந்து கிடைக்கும் சான்றுக் கடிதத்தை வாங்குபவர்கள் கேட்பார்கள். ஆனால் எல்லா துப்பாக்கிக்கும் பதிவு கிடைப்பதில்லை.

சரி, இதை இன்னைக்கு சுட முடியுமா?

முடியும். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மருந்து. .44-40 என்ற தோட்டாவின் பெயரில் உள்ள 40 என்பது 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் கருமருந்தைக் குறிக்கும். 1873 மாடலின் உள்ளே, முழங்கால் போல மடங்கும் ஒரு இணைப்புதான் சுடும்போது தோட்டாவைப் பின்னால் இருந்து தாங்குகிறது. கருமருந்தின் குறைந்த அழுத்தத்துக்கு அது போதும். வலுவான புகையில்லா வெடிமருந்துத் தோட்டாவைப் போட்டால், அந்த இணைப்பு தாங்காமல் போகலாம். 'தோட்டா உள்ளே பொருந்துதே, போடலாம்' என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

இரண்டாவது, குண்டின் முனை. குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்முனைக் குண்டு என்றால், முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் தட்டை முனைக் குண்டுகள்தான் பாதுகாப்பு.

மூன்றாவது, சுத்தம். கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். இதற்கெல்லாம் முன்பு, பழைய துப்பாக்கி தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டி, சுடத் தகுதியானதா என்று உறுதி செய்வது கட்டாயம்.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்கள் என்ன செய்கிறார்கள்? இத்தாலியின் உபெர்ட்டி போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் நகல்களை வாங்குகிறார்கள். 1987-ல் தொடங்கப்பட்ட சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி நடத்தும் 'கவ்பாய்' போட்டிகளில் இந்த நகல்கள் சாதாரணம். அந்தக் கால உடை, ஆளுக்கொரு புனைபெயர், இரும்புத் தகட்டு இலக்கு, ஈயக் குண்டு என்று அந்தப் போட்டிகளே ஒரு திருவிழா மாதிரி இருக்கும். அசல் வீட்டில் அலமாரியில் இருக்க, நகல் களத்துக்குப் போகும்.

அந்த நெவாடா துப்பாக்கி என்ன ஆனது? யாரும் அதைப் புதிதாக்கவில்லை. கட்டை மேலும் உதிராமல் இருக்க மட்டும் பக்குவம் செய்து, பூங்காவிலேயே காட்சிக்கு வைத்தார்கள். வெளுத்த கட்டையும் துருவேறிய குழலும் அப்படியேதான் இருக்கின்றன. அதை மரத்தில் சாய்த்து வைத்தவர் யார் என்பதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.