அடிக்காத ஃபிளாஷ்: ஒரு பழுதின் வரலாறு

டிஜிட்டல் கேமராவின் உடலோடு சேர்ந்தே வரும் ஃபிளாஷ் அடிக்க மறுக்கும் வேளைகளில் பலமுறை அதன் உறுப்பு எதுவும் கெட்டிருப்பதில்லை. அந்தப் படத்துக்கு ஃபிளாஷ் வேண்டியதில்லை என்றோ, கூடாது என்றோ கேமராவே தீர்மானித்திருக்கும். கருவி தானாக ஒளியை மறுக்கும் இந்த நிலை புகைப்படக் கலையின் வரலாற்றில் மிகப் பிந்தியது. அதற்கு முந்தைய நூறாண்டுக்கும் மேலான காலத்தில் ஒளி பிறக்காமற் போனதற்கு ஈரப்பதம், துருப்பிடித்த தகடு, வலுவிழந்த பேட்டரி போன்ற கண்ணுக்கோ கைக்கோ அகப்படும் காரணங்களே இருந்தன. ஆகவே ஃபிளாஷின் வரலாற்றை அதன் வெற்றிகளைக் கொண்டு எழுதுவதைவிட, ஒவ்வொரு காலத்திலும் அது எவ்வாறு பொய்த்தது என்பதைக் கொண்டு எழுதுவதே கருவியின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காட்டும்.

செயற்கை ஒளியில் படமெடுக்கும் முயற்சி மக்னீசியத்தோடு வேரூன்றியது. காற்றில் எரியும்போது கண்கூசும் வெண்மையான ஒளியைத் தரும் இந்த உலோகத்தின் சுடர் புகைப்படத்துக்கு ஏற்றது என்பதை ராபர்ட் பன்சனும் ஹென்றி ராஸ்கோவும் 1859-இல் எடுத்துக்காட்டினர். மான்செஸ்டரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பிரதர்ஸ் 1864-இல் டெர்பிஷயரின் புளூ ஜான் சுரங்கத்தில் மக்னீசியக் கம்பியை எரித்துப் படமெடுத்தார். அடுத்த ஆண்டில் வானியலாளர் சார்லஸ் பியாசி ஸ்மித் கீசாவின் பெரிய பிரமிடுக்குள் அதே ஒளியைப் பயன்படுத்தினார். மத்தாப்புக் கம்பியைப் போலவே மக்னீசியக் கம்பியும் பற்றவைத்தபின் மனிதரின் சொற்படி நடப்பதில்லை: சாம்பல் படிந்து பாதியில் அணைந்துவிடும், அணையாமல் எரிந்தாலோ வெண்புகை அறையை நிறைத்து, அது விலகும்வரை அடுத்த படத்துக்கு இடம் தராது. கம்பியைச் சீராக நகர்த்தித் தருவதற்கென்று கடிகாரப் பொறி பொருத்திய விளக்குகள் செய்யப்பட்டதற்கு இந்தத் தொல்லையே காரணம்.

1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹானஸ் கெடிக்கேயும் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. குளோரேட் தன்னுள் அடைத்து வைத்திருக்கும் ஆக்சிஜனைத் தூளுக்கு நேரடியாகத் தந்துவிடுவதால் எரிதல் கணப்பொழுதில் முடிந்தது. முன்பு பல நொடிகள் தேவைப்பட்ட ஒளி ஒரே வெடிப்பில் கிடைத்தது. ஈரம் ஏறிய தூள் பற்றாது என்பதும் நன்கு உலர்ந்த தூள் அளவுக்கு மீறிப் பற்றும் என்பதும் இந்த வேதியியலின் இரு முனைகள். ஃபிளாஷ் அடிக்காமல் போவதைவிட அடித்துவிடுவதே பேராபத்தாக இருந்த காலம் அது. நியூயார்க்கின் சேரிக் குடியிருப்புகளைப் படமெடுத்து 1890-இல் நூலாக வெளியிட்ட ஜேக்கப் ரீஸுக்கு, தாம் படமெடுத்த குடியிருப்பிலேயே தீப்பற்ற வைத்துவிட்டு அதை அணைக்கவும் நேர்ந்தது. எனினும் ஒரு தொல்லை மட்டும் அக்காலத்தவருக்கு இல்லை. இருட்டில் லென்சின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, தூளைப் பற்றவைத்து, பிறகு மூடியை மாட்டினால் போதும் என்பதால், ஒளியும் ஷட்டரும் ஒரே கணத்தில் இயங்க வேண்டும் என்ற கட்டாயம் அப்போது எழவேயில்லை.

அந்தக் கட்டாயம் ஃபிளாஷ் பல்போடு வந்தது. அலுமினியத் தாளை ஆக்சிஜனோடு கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்து மின்சாரத்தால் பற்றவைக்கும் பல்ப் 1929, 1930 ஆண்டுகளில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது; யோஹானஸ் ஓஸ்டர்மயரின் காப்புரிமை இதற்கு அடிப்படை. புகையும் தீயும் குமிழுக்குள் அடங்கியதால் செய்தித்தாள் புகைப்படக்காரர்கள் இதை விரைந்து ஏற்றனர். ஆனால் ஒரு பல்ப் ஒரே படத்துக்குத்தான் பயன்படும் என்பதால், அது பொய்த்தால் அந்தக் கணம் திரும்ப வராது. இன்றைய பழுதுபார்ப்பின் அடிப்படை ஒழுங்கு இந்தக் காலத்தில்தான் உருவாயிற்று என்று கருத இடமுண்டு. பல்பின் அடித்தகட்டில் ஆக்சைடு படிந்தால் மின்சாரம் பாயாது. அதனால் பல்பைச் செருகுமுன் அதன் அடியை நாவால் நனைத்துக்கொள்ளும் பழக்கம் செய்தியாளரிடையே பரவியிருந்தது. குமிழின் உட்புறத்தில் கோபால்ட் சேர்மம் கொண்ட நீலப் புள்ளி ஒன்று வைக்கப்பட்டது; கண்ணாடியில் நுண்ணிய விரிசல் விழுந்து ஈரக்காற்று புகுந்தால் அது இளஞ்சிவப்பாக மாறும், அத்தகைய பல்பை வெடிக்கும் அச்சத்தால் பயன்படுத்தலாகாது. நாள்பட்ட பேட்டரியின் உள்மின்தடை கூடி, பல்பைப் பற்றவைக்கும் அளவுக்கு மின்னோட்டம் கிடைக்காமற் போவதைத் தடுக்க, 22.5 வோல்ட் பேட்டரியால் ஒரு சிறு மின்தேக்கியை, அதாவது மின்னூட்டத்தைச் சேமித்து ஒரே வீச்சில் வெளிவிடும் உறுப்பை, நிரப்பி வைத்துப் பல்பை எரிக்கும் முறை வந்தது. இதற்கெல்லாம் பிறகும் ஒரு சிக்கல் எஞ்சியது. பல்ப் தன் உச்ச ஒளியை எட்ட ஏறத்தாழ 20 மில்லிவினாடி, அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, ஆகும் என்பதால், ஷட்டர் திறக்குமுன்பே பல்புக்கு மின்சாரம் அனுப்பும் ‘எம்’ என்ற இணைப்பு கேமராக்களில் ஏற்பட்டது. உடனுக்குடன் ஒளிரும் மின்னணு ஃபிளாஷுக்கு ‘எக்ஸ்’ என்ற வேறோர் இணைப்பு. எக்ஸுக்குரிய கருவியை எம்மில் மாட்டியவருக்கு ஃபிளாஷ் பளிச்சென்று அடிக்கும், படம் மட்டும் கறுப்பாக வரும்: ஒளி மறைந்த பிறகே ஷட்டர் திறந்திருக்கும்.

மின்பொறியால் படமெடுக்கும் எண்ணம் பழையது. ஃபாக்ஸ் டால்போட் 1851-இலேயே சுழலும் வட்டில் ஒட்டிய செய்தித்தாளின் துண்டை லெய்டன் ஜாடி என்ற பழைய மின்தேக்கியின் பொறியில் படமெடுத்துக் காட்டினார். அதை நடைமுறைக் கருவியாக்கியவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்ட் எட்ஜர்ட்டன்; 1930-களில் அவர் வளர்த்தெடுத்த அமைப்பே இன்றும் எந்தச் சிறு கேமராவின் ஃபிளாஷிலும் இருக்கிறது. பேட்டரியின் சில வோல்ட் அழுத்தத்தை அலையியற்றியும் மின்மாற்றியும் சேர்ந்து 300 வோல்ட்டை ஒட்டிய அளவுக்கு உயர்த்தி மின்தேக்கியில் நிரப்புகின்றன; அப்போது எழும் மெல்லிய சீழ்க்கையொலி சுருதி ஏறிக்கொண்டே போவதைப் பழைய கருவிகளில் காதாலேயே கேட்கலாம். ஷட்டர் முழுதும் திறந்ததும் தூண்டுச் சுருள் பல ஆயிரம் வோல்ட் துடிப்பு ஒன்றைக் கண்ணாடிக் குழாயின் மேற்புறத்தில் செலுத்த, உள்ளிருக்கும் செனான் வாயு மின்கடத்தியாகி, மின்தேக்கியில் சேர்ந்த ஆற்றல் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் ஒளியாகிவிடுகிறது. உடனமைந்த மின்னணு ஃபிளாஷ் கொண்ட முதல் கேமராவான வாய்க்ட்லாண்டரின் விட்ரோனா 1964-இல் வெளிவந்தும் பெரிதாகப் பரவவில்லை. கோனிக்காவின் சி35 இஎஃப் 1975-இல் அதைக் குடும்பக் கருவியாக்கியது.

இந்த அமைப்பின் பழுதுகள் அதன் படிகளைப் பின்பற்றியே அமைகின்றன. சீழ்க்கை கேட்கவில்லையெனில் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றே இயங்கவில்லை; கேட்டும், மின்னூட்டம் நிரம்பியதைக் காட்டும் ஆயத்த விளக்கு எரியாவிட்டால் பேட்டரியோ மின்தேக்கியோ தளர்ந்திருக்கும்; விளக்கு எரிந்தும் ஒளி வராவிட்டால் தூண்டுச் சுருள், குழாய், ஷட்டரின் தொடுபுள்ளி ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாத மின்தேக்கியின் உட்படலம் நலிந்து மின்னூட்டத்தைக் கசியவிடுவதும் உண்டு. கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றிய பிறகும் மின்தேக்கி ஆளை உலுக்கும் மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கக்கூடும் என்பதால், பழுதுபார்ப்பவர் தகுந்த மின்தடையின் வழியே அதை வடித்துவிட்டுத்தான் உள்ளே கை வைப்பார். வீட்டில் திருகாணியைக் கழற்றிப் பார்க்கத் துணிவது அறிவுடைமை ஆகாது.

ஒலிம்பஸ் ஓஎம்-2 கேமரா 1975-இல் லென்சின் வழியே வந்த ஃபிளாஷ் ஒளியை ஃபிலிமின் பரப்பிலேயே அளந்து, போதுமென்றதும் நிறுத்தச் செய்தபோது, ஒளியின் அளவை முடிவு செய்யும் உரிமை கேமராவுக்குக் கைமாறியது. 1987-இல் பென்டாக்ஸ் எஸ்எஃப்எக்ஸ் ஃபிளாஷை மேலெழும் மூடிக்குள் வைத்து, லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவுக்கும் அதைக் கொண்டுவந்தது. டிஜிட்டல் உணரி ஃபிலிமைப்போல் ஒளியைத் திருப்பியனுப்புவதில்லை என்பதால், முக்கிய ஒளிக்குமுன் ஒரு சிறு முன்னொளியை அடித்து அளக்கும் முறை வந்தது. இவ்வாறு கணக்கிடும் கருவியிடம் மறுக்கும் காரணங்களும் பெருகின. பல கேமராக்களில் நிலக்காட்சி, விளையாட்டு ஆகிய முறைகளில் ஃபிளாஷ் அடிக்காது. ஓசையில்லாத மின்னணு ஷட்டரில் பெரும்பாலும் அடிக்காது. தொடர்ந்து படமெடுக்கும்போதும், பேட்டரி குறைந்திருக்கும்போதும் பல கருவிகள் அதை நிறுத்திவைக்கும். எல்லாவற்றினும் ஏமாற்றுவது கேமராவின் தலையில் வெளி ஃபிளாஷைப் பொருத்தும் ஹாட் ஷூ என்ற தண்டவாளத்தின் ஓரத்தில் உள்ள ஒரு நுண்சுவிட்ச். வெளி ஃபிளாஷ் செருகப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிவிப்பதற்காக வைக்கப்பட்ட அது, தூசியாலோ வியர்வை உப்பாலோ அழுந்திய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், இல்லாத வெளி ஃபிளாஷ் இருப்பதாக நம்பி, கேமரா தன் ஃபிளாஷை எழுப்பவே மாட்டாது. செனான் குழாயை மாற்றக் கிளம்பும் முன் அந்தத் தண்டவாளத்தைத் துடைத்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

அண்மைக்காலத்தில் தயாரிப்பாளர்கள் இந்தச் சிக்கலை வேறுவகையில் தீர்த்துக்கொண்டனர். 2005-இல் வந்த கேனன் 5டி-யிலும் 2013-இல் வந்த சோனி ஏ7-இலும் உடனமைந்த ஃபிளாஷ் கிடையாது. உணரிகள் மங்கலான ஒளியிலும் தெளிவாகப் படமெடுக்கக் கற்றதால், விலையுயர்ந்த கருவிகள் அதைக் கைவிட, எளிய கேமராக்களில் மட்டும் அது நீடித்தது.