சைடு ஸ்டாண்டும் ரெண்டு ஒயரும்

"தம்பி, ஸ்டாண்டு!" நம்ம ஊர் ரோட்டில் முன்பின் தெரியாதவர்கூட கத்திச் சொல்லும் பாதுகாப்பு அறிவுரை இது ஒன்றுதான். ஹெல்மெட் போடாதவனை யாரும் இப்படி விரட்டி வந்து சொல்லிப் பார்த்ததில்லை :-) இந்தக் கத்துற வேலையை ஒரு சின்ன ஸ்விட்சிடம் ஒப்படைக்க எத்தனை வருஷம் ஆச்சுன்னு தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது.

முதலில், அப்படி என்னதான் ஆபத்து? நேராக ஓட்டும்போது ஒன்றுமே தெரியாது. ஸ்டாண்ட் தரைக்கு மேலே தொங்கிக்கொண்டு வரும், சத்தமும் இருக்காது. இடது பக்கம் திரும்ப வண்டியைச் சாய்க்கும்போதுதான் நுனி ரோட்டில் குத்தும். நிறுத்தின வண்டி உருளக்கூடாதுன்னு ஸ்டாண்டை கொஞ்சம் முன்பக்கம் தள்ளித்தான் வைத்திருப்பார்கள். அதனால் எடை விழுந்தால் மடங்காமல் இன்னும் இறுகும். பின்சக்கரம் தூக்கும், வண்டி திரும்பாமல் வலது பக்கம் போகும். நாம் ஓட்டுவது ரோட்டின் இடது பக்கம். அப்போ வலது பக்கம் என்ன இருக்கும்? எதிரே வரும் லாரி.

இதற்கு அமெரிக்கா கண்டுபிடித்த தீர்வில் மின்சாரமே கிடையாது. 1974 செப்டம்பரில் அமலுக்கு வந்த மத்திய பாதுகாப்புத் தரம் 123, வண்டி முன்னால் போகும்போது ஸ்டாண்ட் தரையைத் தொட்டால் அது பின்பக்கமாக மேலே மடங்கணும்னு சொன்னது. ஹோண்டா ஸ்டாண்ட் நுனியில் ஒரு ரப்பரை மாட்டியது. ரோட்டில் உரசியதும் ரப்பர் ஸ்டாண்டை இழுத்து மடக்கிவிடும். தேய்ந்தால் மாற்றணும்னு அதில் கோடுகூட போட்டிருந்தார்கள். எவன் குனிந்து பார்த்தான்!

ஐரோப்பாக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். எடை நீங்கியதும் ஸ்பிரிங் வேகத்தில் தானே மடங்கிக்கொள்ளும் ஸ்டாண்ட் டுகாட்டி, பிஎம்டபிள்யூ வண்டிகளில் வந்தது. நிறுத்தி வைத்த வண்டி லேசாக நகர்ந்தாலும் ஸ்டாண்ட் மடங்கி வண்டி படுத்துவிடும். ஓட்டுகிறவர்கள் வைத்த பட்டப்பெயர் 'தற்கொலை ஸ்டாண்ட்'. 1983-ல் வந்த பிஎம்டபிள்யூ கே100-ல் கிளட்சைப் பிடித்தாலே ஸ்டாண்ட் மேலே போகும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. கிளட்ச் பிடிக்காமல் எப்படிக் கிளம்புவது?

1993-ல் ஐரோப்பிய சமூகம் ஸ்டாண்டுக்கென்றே தனி உத்தரவு போட்டது. தானாக மடங்கணும், இல்லையென்றால் ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது எஞ்சின் வண்டியை நகர்த்த முடியக்கூடாது. அந்த ரெண்டாவது வழிதான் ஸ்விட்ச். நம்ம ஊரில் ரொம்ப நாள் மீட்டரில் ஒரு சின்ன விளக்கோடு சரி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததை ஒட்டித்தான் நிறைய மாடல்களில் எஞ்சினை அணைக்கும் ஸ்விட்ச் சேர்ந்தது.

லாஜிக் ரொம்ப சிம்பிள். நியூட்ரலில் இருந்தால் பரவாயில்லை. கியர் விழுந்து, ஸ்டாண்டும் கீழே இருந்தால் எஞ்சின் கட்.

பிரச்சினை என்னன்னா, ஸ்விட்ச் இருக்கும் இடம். சேறு, மழைத்தண்ணி, செயின் அழுக்கு எல்லாம் அங்கேதான் அடிக்கும். ஒருநாள் நடுரோட்டில் வண்டி அணையும். மெக்கானிக் ரெண்டு ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி, "இனி தொல்லை இல்ல சார்" என்பார். டெஸ்ட் ஃபெயில் ஆனால் கோடைப் பார்க்காமல் டெஸ்டையே கமெண்ட் பண்ணும் ஆட்கள் எங்கள் ஆபீசிலும் உண்டு, அதே டெக்னிக்தான். இனிமேல் ஸ்டாண்ட் எங்கே இருந்தாலும் வண்டிக்கு அது எப்போதும் மேலேதான். பல வண்டிகளில் மீட்டர் விளக்கும் சேர்ந்தே போகும். பழைய வண்டிக்காரனாவது பழக்கத்தில் குனிந்து பார்ப்பான். ஸ்விட்சை நம்பிப் பழகினவனுக்கு அந்தப் பழக்கமும் இருக்காது. போதாததற்கு, டேப்புக்குள் முறுக்கு லூஸானால் ஓடும்போதே எஞ்சின் அணையும். எந்தத் தொல்லைக்காக வெட்டினாரோ அதே தொல்லை!

பெரும்பாலும் ஸ்விட்சைக் கழுவித் துடைத்தாலே சரியாகிவிடும். இல்லையென்றால் புதுசு மாட்டணும்.

செகண்ட் ஹேண்டில் இந்த ஸ்விட்ச் உள்ள பைக் வாங்குகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். வண்டியில் உட்கார்ந்து, ஸ்டாண்டை எடுத்து, நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, கிளட்சைப் பிடித்தபடி முதல் கியர் போடுங்கள். கிளட்சை விடாமல் ஸ்டாண்டைக் கீழே தள்ளுங்கள். எஞ்சின் அணையணும். அணையலைன்னா, விலை பேசுவதற்கு முன் குனிந்து அந்த ஒயரைத் தேடுங்கள்.