பட்டம் வாங்கியாச்சு, அடுத்து என்ன? கோவை வழியாகப் போன இரண்டு விஞ்ஞானிகள்

முனைவர் பட்டம் வாங்கியாகிவிட்டது. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் நிரந்தர வேலை இல்லை. ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருடம், இன்னோர் ஆய்வகத்தில் மூன்று வருடம் என்று ஒப்பந்தத்திலேயே காலம் ஓடுகிறது. மாணவரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. இவர்களைத்தான் போஸ்ட்டாக் என்கிறார்கள். ஊருக்குப் போனால் "இன்னுமா கண்ணு படிச்சுட்டு இருக்கறே?" என்ற கேள்விக்கு இவர்களிடம் சுருக்கமான பதில் கிடையாது.

இது இந்தக் காலத்துப் பிரச்சினை மாதிரி தெரியும். ஆனால் பழையது. அமெரிக்காவில் 1919-ல் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தில், பட்டம் முடித்த இயற்பியல், வேதியியல் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. போஸ்ட்டாக் முறை அங்கே வேர்விட இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் "இவர்கள் அடுத்து எங்கே போவார்கள்?" என்று கவலைப்பட ஒரு தேசிய போஸ்ட்டாக் சங்கம் அங்கே உருவானது 2003-ல்தான். நடுவில் 84 ஆண்டுகள்!

அந்த இடைக்காலத்தில் வழிகாட்ட ஆள் இல்லாமல் தங்கள் பாதையைத் தாங்களே கண்டுபிடித்தவர்கள் உண்டு. அவர்களில் இருவருடைய பாதை கோவை வழியாகப் போகிறது.

கரும்பும் ஜானகி அம்மாளும்

கரும்பு எல்லா ஊரிலும் நன்றாகப் பூத்து விதை பிடிப்பதில்லை. கோவையில் பிடிக்கும். அதனால் 1912-ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் தடித்த கரும்பை நாணல் வகைக் காட்டுக்கரும்புடன் கலந்து, வட இந்தியாவுக்கு ஏற்ற கோ 205 ரகத்தை 1918-ல் கொண்டுவந்தார்கள். "கோ" என்றால் கோயமுத்தூர்.

கலப்பினம் கிடைத்துவிட்டது. ஆனால் செடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க குரோமோசோம் தெரிந்த ஆள் வேண்டும். 1934-ல் மரபியலாளராக வந்து சேர்ந்தவர் இ. கே. ஜானகி அம்மாள்.

1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் படித்து, பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1925-ல் முதுகலைப் பட்டமும், 1931-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். (இந்தப் பார்பர் வேறு, கரும்புப் பார்பர் வேறு.) திரும்பி வந்து திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டு பேராசிரியர் வேலை. அதன் பிறகு கோவை.

கோவையில் அவர் செய்தது துணிச்சலான வேலை. கரும்பை அதன் பேரினத்துக்கு வெளியே உள்ள புற்களோடு கலந்து பார்த்தார். சோளம், மக்காச்சோளம் எல்லாம் அதில் அடக்கம். கரும்பு–மக்காச்சோளக் கலப்பு பற்றிய அவர் கட்டுரை 1938-ல் நேச்சர் இதழில் வந்தது. நாணலின் குரோமோசோம் எண்ணிக்கை இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறக்கூடியது. அதை நுண்ணோக்கியில் எண்ணிப் பிரிப்பது லேசான காரியம் இல்லை.

வேலை நன்றாக நடந்தாலும் சூழல் அப்படி அமையவில்லை. திருமணம் செய்துகொள்ளாத பெண், அதோடு தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதி. இந்தக் காரணங்களால் கோவையில் அவர் சிரமங்களைச் சந்தித்தார் என்று வரலாற்றாய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த ஏழாவது உலக மரபியல் மாநாட்டுக்குப் போனார். செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்துவிட்டது. அங்கேயே தங்கிவிட்டார்.

வெளியூரில், போர்க்காலத்தில், 42 வயதில் மறுபடி முதலில் இருந்து! 1940-ல் லண்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிறுவனத்தில் உதவிச் செல்லியலாளர் வேலை கிடைத்தது. பேராசிரியராக இருந்தவருக்கு "உதவி" என்ற பதவி. ஆனால் கோவையில் செய்த ஆய்வு வீணாகவில்லை. கரும்புக் கலப்பினங்கள் பற்றிய விரிவான கட்டுரை 1941-ல் அங்கிருந்தபடியே வெளியானது. சி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து எழுதிய பயிர்களின் குரோமோசோம் அட்லஸ் 1945-ல் வந்தது. அடுத்து விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம். அங்கே ஆய்வு மக்னோலியா மரங்களில்.

நேருவின் அழைப்பில் 1951-ல் இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977-ல் பத்மஸ்ரீ. 1984-ல் மறையும் வரை ஆராய்ச்சியை விடவில்லை.

கரும்பு, மக்னோலியா, பின்னாளில் மருந்துச் செடிகள். பயிர் மாறிக்கொண்டே இருந்தது, ஊரும் மாறியது. மாறாதது ஒன்றுதான்: குரோமோசோமைப் பார்த்துச் செடியின் வரலாற்றைச் சொல்லும் திறமை.

உருளைக்கிழங்கில் இருந்து நெல்லுக்கு

இரண்டாமவர் எல்லோருக்கும் தெரிந்த எம். எஸ். சுவாமிநாதன். 1943 வங்காளப் பஞ்சத்தின் பாதிப்பில் வேளாண்மை படிக்க முடிவு செய்து கோவை வேளாண் கல்லூரியில் சேர்ந்தார், 1947-ல் பட்டம் பெற்றார். அதன் பிறகு டெல்லியில் மேற்படிப்பு. நடுவே ஐ.பி.எஸ். தேர்விலும் தேர்ச்சி! நிரந்தர வேலை, சீருடை, மரியாதை எல்லாம் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு 1949-ல் யுனெஸ்கோ உதவித்தொகையில் நெதர்லாந்தின் வாகனிங்கன் போனார். 1952-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். அடுத்து அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், இன்றைய அர்த்தத்திலேயே, போஸ்ட்டாக். எல்லாமே உருளைக்கிழங்கு ஆராய்ச்சி.

விஸ்கான்சினில் ஆசிரியர் பதவி தர முன்வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டு 1954-ல் நாடு திரும்பினார். இங்கே நிரந்தர வேலை எதுவும் காத்திருக்கவில்லை. கிடைத்தது கட்டாக் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு தற்காலிகப் பதவி. இந்திகா, ஜப்போனிகா நெல் வகைகளைக் கலக்கும் திட்டம் அது. அதைத் தொடங்கி வைத்த கே. ராமையா, முன்பு கோவை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். சில மாதங்களிலேயே டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. கோதுமையும் பசுமைப் புரட்சியும் பிறகு வந்த கதை.

அரசுக்கும் புரிந்தது

இப்படி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து வேலைக்காகக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்காக அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு 1958-ல் "விஞ்ஞானிகள் தொகுப்பு" என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சரியான வேலை கிடைக்கும் வரை தற்காலிக இடமும் சம்பளமும் தருவது அதன் நோக்கம். நல்ல திட்டம்தான். ஆனால் அது காத்திருக்க ஒரு திண்ணை, போய்ச்சேர ஒரு வழி அல்ல.

வழி பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இருந்தது. கோவையிலேயே பஞ்சாலைகளுக்காக 1956-ல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா தொடங்கப்பட்டது. ஆராய்ச்சி படித்தவர் கல்லூரி வாத்தியாராகத்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்பதற்குக் கொங்கு நாட்டில் அப்போதே சான்று இருந்தது.

இதில் என்ன பாடம்?

"திறமை இருந்தால் எல்லாம் தானாக வரும்" என்று இந்த இரண்டு கதைகளையும் முடித்துவிடக் கூடாது. இருவருக்கும் உதவித்தொகை கிடைத்தது, கை கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். அது கிடைக்காமல் பாதியில் நின்றவர்களின் பெயர் வரலாற்றில் வருவதில்லை.

ஆனால் இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, ஆய்வாளர் கூடவே எடுத்துப் போவது பதவியை அல்ல. கைவசமுள்ள திறமை, அச்சில் வந்த கட்டுரை, கூட வேலை செய்தவர்களின் நம்பிக்கை, இந்த மூன்றும்தான். "என் பயிர் உருளைக்கிழங்கு" என்று சுவாமிநாதன் உட்கார்ந்திருந்தால் கட்டாக் போயிருக்க முடியாது.

இரண்டாவது நிறுவனங்களுக்கானது. ஆய்வாளரின் வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு, ஆளின் மரியாதையையும் எதிர்காலத்தையும் கவனிக்காத இடத்தில் ஆள் தங்குவதில்லை. விஸ்லியில் ஜானகி அம்மாள் ஆராய்ந்த மக்னோலியாக்களில் ஒன்று இன்றும் "ஜானகி அம்மாள்" என்ற பெயரிலேயே வெள்ளையாகப் பூக்கிறது. ஐந்து ஆண்டுகள் கோவையில் கரும்போடு உழைத்தவரின் பெயர் ஓர் இங்கிலாந்து மரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.