எங்கே உண்பது? அமெரிக்கப் பெருந்தெருக்களில் ஒரு பச்சைப் புத்தகம்

வட அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் கோடை விடுமுறையில் காரிலேயே நெடுந்தூரம் பயணம் செய்வது இப்போது வழமையாகிவிட்டது. ரொறன்ரோவில் காலையில் புறப்பட்டால் மறுநாள் தென்மாநிலம் ஒன்றில் நிற்கலாம். எந்த ஊரில் நல்ல பார்பிகியூ இறைச்சி கிடைக்கும், எந்த நகரில் சிறிய மதுவடிசாலைக்காரர்கள் கூடிப் பியர் விழா நடத்துகிறார்கள் என்பதையெல்லாம் கைத்தொலைபேசி சொல்லிவிடுகிறது. விரும்பிய இடத்தில் காரை நிறுத்தி, விரும்பியதை உண்டு, பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்படலாம்.

இதே பெருந்தெருக்களில், கையில் பணம் இருந்தும் ஒரு கோப்பை கோப்பியை அமர்ந்து குடிக்க முடியாத மக்கள் இருந்தார்கள். இது மிகப் பழைய காலத்துக் கதையன்று. அந்த அனுபவத்தை நேரில் அறிந்த முதியவர்கள் பலர் இன்றும் உயிரோடிருக்கிறார்கள்.

அவர்களுக்காக ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளிவந்தது. அதனை வெளியிட்டவர் பெரிய பதிப்பாளர் அல்லர், ஒரு தபாற்காரர். பெயர் விக்டர் ஹியூகோ கிரீன். 1892இல் நியூயோர்க்கில் பிறந்து, நியூ ஜேர்சி மாநிலத்தில் கடிதம் விநியோகிக்கும் ஊழியராகப் பணியாற்றிய கறுப்பினத்தவர். 1936ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முதற் பதிப்பு நியூயோர்க் பகுதிக்கு மட்டுமானது. விரைவிலேயே அது நாடு முழுவதற்குமாக விரிந்தது. 'நீக்ரோ வாகனப் பயணியின் பச்சைப் புத்தகம்' என்பது அதன் பெயர். கிரீன் என்ற அவரது குடும்பப் பெயரும் பச்சை நிறத்தைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாக அமைந்தது ஒரு வசதி.

கார் வாங்கும் வசதி பெற்ற கறுப்பின மக்கள் 1930களில் பெருகினர். அதற்கு வசதி மட்டும் காரணமன்று. தென்மாநிலங்களில் பஸ்ஸிலே பின் இருக்கை. புகையிரதத்திலே தனிப் பெட்டி. சொந்தக் கார் இருந்தால் அந்த அவமானத்திலிருந்து தப்பலாம். ஆனால் காருக்கு எரிபொருள் வேண்டும். காரோட்டுபவருக்கு உணவும் உறக்கமும் வேண்டும். எரிபொருள் விற்பவன் மலசலகூடத் திறப்பைத் தர மறுப்பான். உணவகத்தில் பின்பக்க ஜன்னலுக்கு வரச் சொல்வார்கள். பொழுது சாய்ந்த பின் கறுப்பர் எவரும் எல்லைக்குள் நிற்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்திருந்த ஊர்களும் இருந்தன. அத்தகைய ஊர்கள் தென்மாநிலங்களில் மட்டுமன்றி வடக்கிலும் மேற்கிலும் நிறையவே இருந்தன என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

எனவே பயணம் புறப்படுமுன் வீட்டிலேயே சமைத்துக் கட்டிக்கொண்டார்கள். பொரித்த கோழி, அவித்த முட்டை, கேக் துண்டு; எல்லாவற்றையும் சப்பாத்துப் பெட்டி ஒன்றில் அடுக்கினார்கள். அந்தப் பெட்டிச் சாப்பாடு கறுப்பினக் குடும்பங்களின் நினைவுகளில் இன்றும் பேசப்படுகிறது. நமது கட்டுச்சோற்றை இது நினைவூட்டலாம். ஆனால் நாம் கட்டுச்சோறு கொண்டு போனது பெரும்பாலும் சிக்கனத்துக்காகவும் ருசிக்காகவும். அவர்கள் கொண்டு போனது வேறு வழியில்லாமல். பிள்ளைகளுக்கு அதைச் சுற்றுலாவின் ஒரு பகுதி போலக் காட்டிய பெற்றோர் எத்தனையோ பேர். ஏன் அந்தக் கடையில் நிறுத்தவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்வதைவிட அது எளிதாக இருந்திருக்கும்.

கிரீனின் புத்தகம் மாநிலம் மாநிலமாக, நகரம் நகரமாகப் பட்டியல் தந்தது. ஹோட்டல், உணவகம், மதுச்சாலை, முடிதிருத்தகம், வாகனம் திருத்துமிடம் என்று அனைத்தும் அதில் இருந்தன. ஹோட்டலே இல்லாத ஊர்களில், வீட்டின் ஓர் அறையைப் பயணிகளுக்கு ஒதுக்கித் தந்த குடும்பங்களின் முகவரிகள் இருந்தன. அவற்றிற் பல பெண்கள் நடத்தியவை. சக தபால் ஊழியர்களும் வாசகர்களும் இத்தகவல்களை அனுப்பி உதவினர். எஸ்ஸோ எரிபொருள் நிலையங்கள் இதனை விற்பனைக்கு வைத்தன. கறுப்பின வாடிக்கையாளரை மதித்து நடத்திய மிகச் சில பெரிய நிறுவனங்களுள் அதுவும் ஒன்று.

பத்திரிகைத் தொழிலிற் காலம் கழித்தவன் என்ற முறையில் அந்தப் புத்தகத்தின் வறட்சியே என்னைக் கவர்கிறது. நியூயோர்க் பொது நூலகம் பெரும்பாலான பதிப்புக்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது, எவரும் பார்க்கலாம். உணவு எப்படியிருக்கும், சமையற்காரர் யார், நட்சத்திரம் எத்தனை என்ற வர்ணனைகளைப் பட்டியலில் தேடினால் ஏமாற்றந்தான். பெயர், தெரு இலக்கம், அவ்வளவே. வாசகருக்கு வேண்டியிருந்ததும் ஒரேயொரு தகவல்: இங்கே உன்னை உள்ளே விடுவார்கள்.

ஆசியரும் ஆபிரிக்க நாட்டவரும் இதிலிருந்து தப்பவில்லை. 1955இல் இந்தியத் தூதுவர் ஜி. எல். மேத்தா டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் பொதுமண்டபத்தில் அமர்ந்தபோது, எழுந்து தனி அறைக்குச் செல்லுமாறு கூறப்பட்டார். இராஜாங்கச் செயலாளர் டலஸ் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 1957இல் புதிதாகச் சுதந்திரமடைந்த கானாவின் நிதியமைச்சர் கிபெடெமாவுக்கு டெலவெயர் மாநிலத்து உணவகம் ஒன்றில் தோடம்பழச் சாறு பரிமாற மறுத்தார்கள். ஜனாதிபதி ஐசனோவர் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் காலையுணவு கொடுத்துச் சமாதானம் செய்தார். அமைச்சருக்கு வெள்ளை மாளிகையில் விருந்து கிடைத்தது. அதே உணவகத்தில் நாள்தோறும் திருப்பியனுப்பப்பட்டவர்களுக்கு யார் விருந்து கொடுப்பது?

இனிப் பார்பிகியூவுக்கு வருவோம். நிலத்திற் குழி தோண்டி, விறகு எரித்துத் தணலாக்கி, முழுப் பன்றியை இரவு முழுவதும் மெதுவாக வாட்டும் இந்தச் சமையலைத் தென்மாநிலங்களில் வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர்கள் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள். பண்ணைச் சொந்தக்காரரின் விருந்துக்கும் அரசியல்வாதியின் கூட்டத்துக்கும் தணலருகே கண்விழித்து நின்றவர்கள் அவர்களே. விடுதலைக்குப் பின் அந்தக் கைப்பக்குவமே பலருக்குப் பிழைப்பானது. கன்சாஸ் சிற்றியில் இன்று உலகப் புகழ் பெற்றுள்ள பார்பிகியூவின் தந்தை என்று ஹென்றி பெரி என்ற கறுப்பினத்தவரையே குறிப்பிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கடை நடத்தினார். அவரிடம் வெள்ளையரும் வந்து வாங்கி உண்டனர்.

ஆக, கறுப்பர் வாட்டிய இறைச்சியை உண்பதில் வெள்ளையருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. பக்கத்து மேசையில் கறுப்பர் அமர்ந்து உண்பதில்தான் ஆட்சேபம். இந்த முரண் முழுமையாக வெளிப்பட்ட இடம் அலபாமா மாநிலம் பேர்மிங்ஹாம் நகரின் 'ஒலிஸ் பார்பிகியூ'.

1920களில் தொடங்கப்பட்ட குடும்பக் கடை அது. 220 பேர் அமரலாம். ஊழியர்கள் 36 பேர். அவர்களில் 24 பேர் கறுப்பினத்தவர். ஆயினும் கறுப்பின வாடிக்கையாளர் அங்கே அமர முடியாது. பொதி கட்டி வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். 1964 ஜூலை 2ஆம் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் குடியியல் உரிமைச் சட்டத்தில் ஒப்பமிட்டார். உணவகங்களிலும் ஹோட்டல்களிலும் இனப் பாகுபாட்டை அச்சட்டம் தடை செய்தது. ஒலிஸ் கடை உரிமையாளர்களான மக்லங் குடும்பத்தினர் நீதிமன்றம் சென்றனர். நாங்கள் உள்ளூர்க் கடைக்காரர். எங்கள் வாடிக்கையாளரும் உள்ளூர்க்காரரே. மத்திய அரசுக்கு எங்கள் மேசையில் என்ன வேலை என்பது அவர்களது வாதத்தின் சாரம். கீழ் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தை விளக்க வேண்டியிருக்கிறது. 1875ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஒரு சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. சமத்துவம் பற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அரசுகளை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியார் கடைக்காரரை அன்று என்று கூறி 1883இல் உச்சநீதிமன்றம் அதனை வீழ்த்தியது. எண்பது ஆண்டுகள் அந்தத் தீர்ப்பு குறுக்கே நின்றது. எனவே 1964இல் சட்டத்தை வரைந்தவர்கள் சமத்துவத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையும் துணைக்கு அழைத்தனர்.

அதனால் வழக்கு இறைச்சிக் கணக்கிலே வந்து நின்றது. முந்திய பன்னிரண்டு மாதங்களில் அக்கடை சுமார் 150,000 டொலருக்கு உணவுப் பொருட்கள் வாங்கியிருந்தது. அதில் 69,683 டொலர் இறைச்சிக்குச் சென்றது. அந்த இறைச்சியை விற்றவர் உள்ளூர் வணிகர். அவரோ அதனை வெளிமாநிலங்களிலிருந்து தருவித்தவர். 1964 டிசம்பர் 14ஆம் திகதி உச்சநீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் ரொம் கிளார்க் டெக்சஸ்காரர். ஒரு கடையின் கொள்வனவு சிறிதாயிருக்கலாம். ஆனால் நாடு முழுவதும் இப்படிப்பட்ட கடைகள் கதவைச் சாத்தினால் மக்கள் பயணம் செய்யத் தயங்குவர், வணிகம் நலியும். ஆகவே மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் தர்க்கம். அதே நாளில் அத்லாந்தா நகர மோட்டல் ஒன்றின் வழக்கிலும் அதே முடிவு வந்தது. ஒலிஸ் கடையினர் தீர்ப்புக்குப் பணிந்து கறுப்பின வாடிக்கையாளரை அமர வைத்துப் பரிமாறினர்.

மனிதனின் மானத்தை நிலைநாட்ட மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் எல்லை தாண்டி வந்த கணக்கைக் காட்ட வேண்டியிருந்தது. இதனைச் சட்டத்தின் வெற்றி என்று புகழ்வோர் உளர். வெற்றிதான், ஆனால் முகத்தைப் பார்க்காமல் பற்றுச்சீட்டைப் பார்த்து வழங்கிய நீதி என்ற எண்ணம் எனக்கு இன்னும் விலகவில்லை.

இதையெல்லாம் வாசிக்கையில் யாழ்ப்பாணத்து வாசகர் எவரும் மௌனமாக இருந்துவிட முடியாது. நமது தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை இருந்தது; சில இடங்களில் போத்தலிலும் சிரட்டையிலும் ஊற்றினார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் கடிதத்தில் இருந்தது, குவளை கடையில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். தொடர்ந்து நடந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களிலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நடந்த போராட்டத்திலும் மக்கள் பட்ட அடிகளைக் கே. டானியல் போன்றோரின் எழுத்துக்கள் பதிவு செய்துள்ளன. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கொடுமையை வானொலியிற் கேட்டு அனுதாபப்பட்ட அதே ஊர்களில் இது நடந்தது.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். அலபாமாவில் மறுக்கப்பட்டது இருக்கை. சமைப்பவனின் கை தீட்டாகவில்லை. நமது ஊரில் பாத்திரமே தீட்டானது. ஆனால் நமக்கும் ஒரு விதிவிலக்கு இருந்தது. சீவல் தொழிலாளி பனையிலிருந்து இறக்கிய கள்ளை அவர் கையாலேயே பிளாவில் வார்த்து வாங்கிக் குடிக்கப் பெரிய இடத்து மனிதர்கள் தயங்கவில்லை. அவரே தேநீர்க்கடைக்குள் வந்து வாங்கில் அமர்ந்தால் மட்டும் ஊர் கெட்டுவிடும்! ருசிக்கு முன் தீட்டு விலகி நிற்கும் இந்த வித்தையை இரு நாட்டாரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளவில்லை. தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

கிரீன் 1960இல் காலமானார். அவருக்குப் பின் மனைவி அல்மா பொறுப்பேற்றார். இந்தப் புத்தகம் தேவைப்படாத ஒரு நாள் வரும், அன்று வெளியீட்டை நிறுத்துவோம் என்ற நம்பிக்கையைப் பழைய பதிப்புக்களின் முன்னுரையிலேயே காணலாம். அந்த நாளை அவர் காணவில்லை. 1966-67ஆம் ஆண்டுக்கான பதிப்பே கடைசி.

அதற்குப் பின் நடந்தது எவரும் எதிர்பார்த்ததன்று. எல்லாக் கதவுகளும் திறந்ததும் கறுப்பினப் பயணிகள் பெரிய ஹோட்டல்களுக்குச் சென்றனர். அவர்களை ஆதரித்து வந்த சிறிய விடுதிகளும் உணவகங்களும் வருமானமிழந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நகரங்களை ஊடறுத்து அமைக்கப்பட்ட புதிய பெருந்தெருக்களும் கறுப்பினக் கடைத்தெருக்கள் பலவற்றை இடித்துத் தள்ளின. பச்சைப் புத்தகத்தில் இடம்பெற்ற லொறேன் மோட்டல் மெம்பிஸ் நகரில் இன்றும் நிற்கிறது. ஆனால் விடுதியாக அன்று. அதன் மாடி முகப்பிலேதான் 1968 ஏப்ரல் 4ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். 1991 முதல் அது குடியியல் உரிமை அருங்காட்சியகம். ஒலிஸ் பார்பிகியூவும் 2001இல் மூடப்பட்டது.

தெற்கே செல்லும் நம்மவர்கள் நியூ ஓர்லீன்ஸ் வரை போவதானால் 'டூக்கி சேஸ்' உணவகத்துக்குப் போகலாம். 1941இல் தொடங்கிய கடை; பச்சைப் புத்தகத்தில் இடம்பெற்றது; இன்றும் நடக்கிறது. வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக அமர்ந்து உண்பது சட்டவிரோதமாயிருந்த காலத்தில், அதன் மேல்மாடி அறையில் போராட்டக்காரர் இரு இனத்தவரும் கூடித் திட்டமிட்டனர். சமையற்கட்டில் நின்ற லியா சேஸ் அம்மையார் அவர்களுக்குக் கம்போ என்னும் கெட்டியான சூப்பை வார்த்துக் கொடுத்தார். 2019இல் 96 வயதில் காலமாகும் வரை அவர் அந்தச் சமையற்கட்டை விடவில்லை. பராக் ஒபாமா ஒருமுறை அங்கே உண்ண வந்து, சுவைத்துப் பார்க்காமலே கம்போவில் மிளகாய்ச் சோஸ் ஊற்றியபோது அம்மையார் அவரைக் கண்டித்துவிட்டார் என்பது அந்த நகரத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை.