கொங்கு நாட்டுத் தொழிற்கூடங்களில் உலோகக் கூரை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் உள்ளிட்ட கொங்கு நாட்டு மாவட்டங்களில் புதிதாக எழும் நூற்பாலைகள், பின்னலாடைக் கூடங்கள், வார்ப்பாலைகள், கிடங்குகள் ஆகியவற்றின் மேல் பெரும்பாலும் வண்ணப்பூச்சு இட்ட எஃகுத் தகடுகளே வேயப்படுகின்றன. பேச்சுவழக்கில் இதற்குக் ‘கலர் ஷீட்’ என்று பெயர். ஓலை, ஓடு, துத்தநாகத் தகடு, கல்நார் சிமெண்ட் ஆகியவற்றைத் தொடர்ந்து வந்தது இது. இவற்றுள் ஒவ்வொன்றும் முந்தைய கூரையின் ஒரு குறையைத் தீர்த்து, வேறொரு குறையைக் கொண்டுவந்தது. அந்த வரலாறு தெரிந்தால் இன்றைய தகட்டைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும் எளிதாகும்.

ஓலையும் ஓடும்

தென்னங்கீற்றும் பனையோலையும் வெப்பத்தை உள்ளே விடாதவை, உள்ளூரிலேயே கிடைப்பவை. ஆனால் பஞ்சும் நூலும் குவிந்து கிடக்கும் இடத்தில் ஓலைக் கூரை தீக்கு வழிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ மாற்றி வேயவும் வேண்டும். பாசல் மிஷன் அமைப்பினர் 1865-ல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை, ஒன்றோடொன்று பொருந்தும் ஓடுகளை இயந்திரத்தில் செய்யத் தொடங்கியது. மங்களூர் ஓடு தீப்பிடிக்காது. வெயிலையும் ஓரளவு தடுக்கும். ஆனால் ஒரு சதுர மீட்டர் ஓட்டுக் கூரையின் எடை சுமார் 40 கிலோ. அதைத் தாங்க நெருக்கமான மரச் சட்டங்கள் வேண்டும். இடையில் தூண் இல்லாத அகன்ற கூடத்துக்கு இது பெருஞ்சுமை.

நெளிதகட்டின் வருகை

லண்டன் கப்பல்துறையின் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் 1829-ல் நெளிவுள்ள இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். விசிறி போல மடித்த காகிதம் தன் எடையைத் தானே தாங்கி நிற்பதைப் போல, நெளிவு கொடுத்த மெல்லிய தகடும் வளையாமல் நிற்கும். இரும்பு துருப்பிடிப்பது மட்டுமே குறை. உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்கு பிரெஞ்சுக்காரரான ஸ்டானிஸ்லாஸ் சோரல் 1837-ல் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் இரும்பை மூடி மறைப்பதோடு நிற்பதில்லை. மேலே கீறல் விழுந்தாலும் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. எனவே பூச்சில் எத்தனை துத்தநாகம் இருக்கிறதோ அத்தனை ஆயுள்தான் தகட்டுக்கு.

சென்னையிலிருந்து பேப்பூர் செல்லும் இருப்புப்பாதை 1862-ல் போத்தனூர் வழியாக நிறைவுற்றது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-ல் கிளைப்பாதை வந்தது. எடை குறைந்த, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டுபோகக்கூடிய நெளிதகடு மலைப்பகுதிக் கட்டடங்களுக்கு ஏற்றதாக இருந்தது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் தேயிலைத் தொழிற்சாலைகளின் அடையாளமாகவே தகரக் கூரை ஆனது.

ரம்பப்பல் கூரை

சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-ல் தொடங்கிய நூற்பாலையே கோவையின் முதல் ஆலை. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. நூல் அறுவதைக் கண்ணால் பார்த்து முடிய வேண்டிய தொழிலுக்கு நேர் வெயில் படாத, சீரான வெளிச்சம் தேவை. அதற்காக ஆலைக் கூரைகள் ரம்பத்தின் பற்களைப் போல அமைக்கப்பட்டன. ஒவ்வொரு பல்லின் வடக்கு முகத்திலும் கண்ணாடி. தெற்குச் சரிவில் தகடோ ஓடோ. வடக்கு வெளிச்சக் கூரை என்ற இம்முறை இங்கிலாந்தில் வளர்ந்தது. கோவையோ வடக்கு 11 பாகையில் உள்ள ஊர். ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் இங்கு தலைக்கு வடக்கே நிற்கும். ஆகவே அந்த மாதங்களில் வடக்குக் கண்ணாடி வழியாகவும் வெயில் இறங்கும். வேற்று நாட்டு அமைப்பை இங்கு கொண்டுவரும்போது உள்ளூர் வானத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. இரு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்து மழைநீர்க்கால் இக்கூரையின் பலவீனமான இடம். அங்கு அடைப்பு ஏற்பட்டால் தண்ணீர் இயந்திரத்தின் மேலேயே இறங்கும்.

கல்நார்க் காலம்

சிமெண்டோடு கல்நார் இழை சேர்த்துத் தகடு செய்யும் முறையை ஆஸ்திரியரான லுட்விக் ஹாட்ஷெக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். அது துருப்பிடிக்காது, விலையும் குறைவு. அதனால் ஈரப்பதம் மிகுந்த ஆலைகளிலும் விசைத்தறிக்கூடங்களிலும் கோழிப்பண்ணைகளிலும் பரவியது. இதன் குறைகள் இரண்டு. முதலாவது, பழைய தகடு கால் வைத்ததும் உடைந்து, மேலே ஏறியவரைக் கீழே தள்ளிவிடும். இரண்டாவது, அறுக்கும்போதும் உடைக்கும்போதும் வெளிப்படும் நுண்ணிழை நுரையீரலுக்குள் செல்லும். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அதன் பயன்பாட்டைத் தடைசெய்தது. இன்று பழைய கூரையை மாற்றுவோர் அதைச் சம்மட்டியால் உடைத்துத் தள்ளக் கூடாது. நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்க வேண்டும்.

கலர் ஷீட்

1972-ல் அமெரிக்காவின் பெத்லகேம் ஸ்டீல் நிறுவனம் 55 விழுக்காடு அலுமினியம், 43.4 விழுக்காடு துத்தநாகம், 1.6 விழுக்காடு சிலிக்கான் கொண்ட பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கால்வல்யூம் எனப்படும் இது, அதே தடிமனுள்ள துத்தநாகப் பூச்சைவிட நீண்டநாள் தாங்குகிறது. இதன்மேல் தொழிற்சாலையிலேயே வண்ணம் ஏற்றி வருவதே இன்றைய கலர் ஷீட்.

விற்பனையில் ‘அரை எம்.எம்.’ என்று சொல்லப்படும் தடிமன், பூச்சோடு சேர்ந்ததா, வெறும் எஃகு மட்டுமா என்று கேட்டறிய வேண்டும். 1 மி.மீ. தடிமனுள்ள எஃகு, ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ எடை இருக்கும். இந்தக் கணக்கைக் கொண்டு எடை போட்டும் சரிபார்க்கலாம். பூச்சின் அளவு, இருபக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கப்படும். 150 என்றால் 150 கிராம். சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடுபவர் இந்த இரண்டையும் தவறவிடுகிறார்.

உள்ளே நடக்கும் தொழிலும் முக்கியம். கோழிப்பண்ணையில் ஈரத்தோடு சேரும் அம்மோனியா தகட்டை அடிப்பக்கத்திலிருந்து அரிக்கும். சாயப்பட்டறையின் இரசாயன ஆவியும் அவ்வாறே. இத்தகைய இடங்களுக்கு அடிப்பக்கத்திலும் தடித்த பூச்சு உள்ள தகடோ வேறு பொருளோ வேண்டும். குளிர்சாதனத்தின் செப்புக் குழாயிலிருந்து சொட்டும் நீரும் பூச்சைக் கரைத்துவிடும்.

காற்றும் வெப்பமும்

சுமார் 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளில் வீசுகிறது. அங்குள்ள காற்றாலைகளைச் சுழற்றுவதும் இக்காற்றே. கட்டடங்களின் மீதான காற்று விசைக்குரிய இந்தியத் தரம் ஐ.எஸ். 875 (பகுதி 3), கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர் என்ற அடிப்படைக் காற்று வேகத்தைத் தருகிறது. காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதைவிட, மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதே அதிகம். விளிம்புகளிலும் மூலைகளிலும் இவ்விசை கூடுதல் என்பதால் அங்கு திருகாணிகளை நெருக்கமாக இட வேண்டும். தகடு பரப்பும் வேலையைக் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து, அதாவது கிழக்கு முனையிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது தகடுகளின் ஒட்டு விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். மழைநீர் உள்ளே ஏறாது.

எஃகு வெயிலில் நீளும். 30 மீட்டர் நீளத் தகடு, 40 பாகை செல்சியஸ் வேறுபாட்டில் ஏறக்குறைய 14 மி.மீ. நீண்டு சுருங்கும். நாள்தோறும் நடக்கும் இந்த அசைவில் திருகாணித் துளை பெரிதாகி ஒழுகல் தொடங்கும். எனவே நீண்ட தகடுகளுக்கு அசைவுக்கு இடம்தரும் கொக்கிப் பிடிப்புகள் ஏற்றவை.

உலோகக் கூரையின் பெருங்குறை வெப்பம். சித்திரை வெயிலில் தைப்பவருக்கும் தறி ஓட்டுபவருக்கும் தகட்டின் அனல் நேரே இறங்கும். வெளிர்நிறத் தகடு, அடியில் கண்ணாடி இழைப் பஞ்சு, முகட்டில் காற்றுவழி, பக்கச் சுவரில் தாழ்ந்த திறப்புகள் ஆகியவை ஒன்றாக அமைந்தால்தான் பயன். காற்று நுழையும் வழி இல்லாமல் மேலே சுழலும் காற்றுப்போக்கியை மட்டும் பொருத்தினால் பயன் குறைவு.

பராமரிப்பு

கோடை மழைக்கு முன்னும் ஐப்பசி மழைக்கு முன்னும் என ஆண்டுக்கு இருமுறை கூரையைப் பார்ப்பது நல்லது. நூற்பாலைப் பகுதிகளில் பஞ்சுத் தூசு மழைநீர்க்காலில் படிந்து, ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டை அரிக்கும். வார்ப்பாலை அருகில் இரும்புத் தூள் படியும். வேலை முடிந்ததும் துளையிட்ட இரும்புச் சீவல்களைப் பெருக்கி எடுக்க வேண்டும். விட்டால் சில நாள்களில் அவை துருக்கறையாகும். திருகாணியின் ரப்பர் வளையம் பெரும்பாலும் தகட்டுக்கு முன்பே நைந்துபோகும். அதை உரிய காலத்தில் மாற்றினால் பெரும்பாலான ஒழுகல்கள் நிற்கும்.

இப்போது பல ஆலைகளின் கூரைமேல் சூரிய மின்தகடுகள் ஏறுகின்றன. அவை ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைப்பவை. அதற்குள் கூரை நைந்துவிட்டால் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற நேரும். கூடுதல் எடையைக் கீழுள்ள சட்டகம் தாங்குமா என்பதையும் பொறியாளரிடம் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும்.

கூரையில் ஏறுபவரின் உயிர் இவை எல்லாவற்றிலும் முதன்மையானது. விழக்கூடிய உயரத்தில் வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 32 கூறியது. வெளிச்சத்துக்காக இடையிடையே வைக்கும் பிளாஸ்டிக் தகடுகள் தூசு படிந்தபின் உலோகத் தகட்டிலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஆகிவிடும். அவற்றின்மேல் கால் வைத்தால் விழ நேரும். அவற்றுக்கு அடியில் கம்பி வலை, மேலே நடைபலகை, ஏறுபவருக்கு இடுப்புவார்க் கயிறு ஆகிய மூன்றும் கூரையின் விலையோடு ஒப்பிட்டால் சிறு செலவே. இவற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கே கூரையின் உண்மையான விலை.