மதிலுக்குள் ஒரு பள்ளி

“கான்வென்ட்டில் படித்தவள்” என்னும் தொடர், மணமகள் தேவை விளம்பரங்களில் நெடுங்காலம் இடம்பெற்று வந்தது. பிழையற்ற ஆங்கிலம், அடக்கம், நேரந் தவறாமை ஆகிய மூன்றையும் அச்சொல்லுக்குள் அடக்கி வைத்தனர் நம்மவர். பிழைப்பின் பொருட்டுக் கொல்கத்தா வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும், கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தாற் போதும், பெண்ணின் வாழ்வு கரையேறிவிடும் என்றே கருதின. நாமும் அவ்வாறு கருதி, விண்ணப்பப் படிவத்திற்காக விடியுமுன் வரிசையில் நின்றவர்தாம். அம்மதிலுக்குள் உள்ளபடியே நிகழ்வது யாது என்று வினவத் தலைப்பட்டது அதன் பின்னரே.

வினவியபோது முதலில் எதிர்ப்பட்டவர் மேரி வார்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1585-இல் பிறந்த இவர், 1609-இல் ஒரு கன்னியர் குழுவைத் தோற்றுவித்தார். கன்னியர் மடத்துள் அடைபட்டே வாழவேண்டும் என்பது அக்கால விதி. அதை ஏலாது, வெளியே சென்று பெண்மக்களுக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்றார் அவர். 1631-இல் போப் எட்டாம் அர்பன் அச்சபையைக் கலைத்தார். மேரி வார்டும் மியூனிக் நகரில் ஒரு மடத்தில் சிறை வைக்கப்பட்டார். அவரைச் சபையின் நிறுவனர் என்று வெளிப்படையாகச் சொல்லத் திருச்சபை இசைந்தது 1909-இல்தான். அடக்கத்தின் உறைவிடம் என நாம் எண்ணும் பள்ளிகளின் மூதாய், அடங்க மறுத்ததற்காகத் தண்டனை பெற்றவர்!

அம்மரபில் வந்த தெரசா பால் அம்மையார், அயர்லாந்தில் டப்ளினுக்கு அருகே ராத்ஃபார்ன்ஹாமில் லொரேட்டோ சபையை வேரூன்றச் செய்தார். அங்கிருந்து புறப்பட்ட இளம்பெண்கள் சிலர், 1841 டிசம்பர் இறுதியில் கல்கத்தாத் துறையில் இறங்கினர். மறுமாதமே மிடில்டன் ரோவில் லொரேட்டோ இல்லம் பள்ளியாகத் திறக்கப்பெற்றது. தொடக்கத்தில் அது பெரும்பாலும் ஐரோப்பியர் மக்களுக்கான பள்ளியே. இந்தியச் சிறுமியர் பெருகியது பிற்காலத்தில்.

இனி அன்றாட நிகழ்ச்சிக்கு வருவோம். மணியோசை, வரிசை, கூட்டு வழிபாடு. கத்தோலிக்க மாணவியர் மறைக்கல்விக்குச் செல்ல, மற்றையோர் நன்னெறி வகுப்பில் அமர்வர். அரசு ஏற்பு பெற்ற பள்ளியில் எவரையும் சமய போதனைக்குக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. (பிரிவு எண்ணைச் சுட்டாமல் எழுத எழுத்தர் கைக்கு வருவதில்லை, பொறுத்தருள்க.) பாவாடையின் நீளமும் ரிப்பனின் நிறமும் மேற்பார்வைக்கு உரியன. இவை யாவரும் அறிந்தவை. நாம் அறியாதிருந்தது வேறொன்று. ஆடவர் இல்லாத இடமாதலின், அங்கே எல்லாப் பணியும் பெண்ணுக்கே உரியது. ஆண்டு விழாவுக்கு மேசை நாற்காலி சுமப்பவள் அவள். நாடகத்தில் அரசனும் அவளே, அரசியும் அவளே. ஆய்வுக்கூடத்தில் கருவியை முதலில் தொடுபவளும் அவளே. தலைமை ஆசிரியை முதல் கணக்கர் வரை பெண்களே ஆளும் ஒரு சிற்றரசை நாள்தோறும் கண்டு வளர்பவள், வீட்டில் “ஆண்பிள்ளை வரட்டும், செய்வான்” என்றால் வியப்புடன் நோக்குவதில் வியப்பென்ன!

குறையும் உண்டு. என்டாலியில் ஒரே வளாகத்துள் ஆங்கில வழிப் பள்ளியும், புனித மேரி என்னும் வங்காள வழிப் பள்ளியும் இயங்கின. பின்னதில் கற்பித்து, 1944-இல் அதன் தலைமையும் ஏற்றவர் அன்னை தெரசா. 1948-இல் அவர் மதிலைக் கடந்து சேரிக்குச் சென்றபோது, அவரை முதலில் பின்தொடர்ந்தோர் அவரிடம் பயின்ற மாணவியரே. மதிலுக்கு உள்ளிருந்த வசதியும் வெளியிலிருந்த வறுமையும் அடுத்தடுத்து நின்றதை அவர்கள் நாளும் கண்டிருந்தனர். 1979-இல் சியால்டா லொரேட்டோப் பள்ளியின் தலைமையேற்ற சிஸ்டர் சிரில், வறியோர் மக்களைக் கட்டணமின்றிப் பெருமளவில் சேர்த்தார். 1985 முதல் தெருவோரச் சிறுமியரைப் பள்ளிக்குள் அழைத்து, அவர்களுக்குக் கற்பிக்கும் பணியை மாணவியரிடமே ஒப்படைத்தார். 2007-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2023-இல் மறைந்தார். இவ்வழியை எல்லாக் கான்வென்ட்டுகளும் மேற்கொண்டன என்று சொல்வதற்கில்லை.

நம் வீட்டுக் கதையையும் மறைப்பதற்கில்லை. நம் பெண் பயின்ற பள்ளியில் (பெயர் வேண்டா) தாய்மொழி பேசினால் எட்டணாவோ ஒரு ரூபாயோ தண்டம் இருந்தது. “வீட்டிலும் ஆங்கிலமே பேசுக” என்று நாட்குறிப்பில் எழுதியும் அனுப்பினர். நாமும் கையொப்பமிட்டோம். ஈராண்டு கழித்துக் கும்பகோணத்திலிருந்து வந்த ஆச்சி ஒரு பழங்கதை சொன்னபோது, சிறுமி நம் முகத்தை நோக்கி, “அப்பா, ஆச்சி என்ன சொல்றாங்க?” என்றாள். கேட்ட ஆச்சி கதையை நிறுத்திவிட்டு, வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு முதல் அவள் சங்கத்தின் தமிழ் வகுப்பில். ஒன்பதாம் வகுப்பில் தானே ஐந்து சிறுவர்க்கு அகரம் எழுதப் பழக்கினாள். கரும்பலகையை அவளே சுமந்து வந்து மாட்டினாள்.