வாசகர்கள் வரைந்த கவுன்கள்

இணையத்தில் ஓர் உருவத்துக்குச் சட்டையும் பாவாடையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் விளையாட்டு, பெரியவர்கள் பலருக்கு வெட்டிப்பொழுது. இன்னும் சிலருக்கோ அது சிறுமிகளை இளம் வயதிலேயே துணிக்கடைக்குப் பழக்கும் தந்திரம். இரண்டாவது குற்றச்சாட்டை நான் மறுக்கமாட்டேன்; விற்பனை இந்த விளையாட்டோடு நெடுங்காலமாக ஒட்டியே வந்திருக்கிறது. ஆனால் இதன் இருநூறாண்டுக் கதையில் இன்னொரு கையும் தெரிகிறது: கொடுத்த உடையோடு நிற்காமல், தன் உடையைத் தானே வரைந்த விளையாட்டுக்காரியின் கை. இந்த விளையாட்டின் மதிப்பை அந்தக் கைக்குக் கிடைத்த இடத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

லண்டனில் எஸ். அண்ட் ஜே. ஃபுல்லர் நிறுவனம் 1810இல் ‘லிட்டில் ஃபேனி’ என்ற சிறுநூலை வெளியிட்டது. ஒரே தலையை வெட்டியெடுத்த 7 உருவங்களில் மாற்றி மாற்றிச் செருகலாம். உடைப் பித்துப் பிடித்த சிறுமி நல்ல துணிகளை இழந்து, பிச்சையெடுத்து, உழைத்துத் திருந்துவது கதை. உடை ஆசை தவறு என்று போதிக்கும் நூல், உடை மாற்றும் இன்பத்தைக் காட்டித்தான் விலைபோனது. எந்த உடை எப்போது என்பதைக் கதையே தீர்மானித்துவிட்டதால் குழந்தைக்குத் தேர்வே இல்லை. பிறகு வண்ண அச்சு மலிந்து காகிதப் பொம்மைகள் பெருகின. 1951இல் ‘மெக்கால்ஸ்’ என்ற அமெரிக்க மாத இதழில் பெட்ஸி மெக்கால் என்ற காகிதப் பொம்மை வந்தபோது, அந்தப் பெயர் தையல் மாதிரித்தாள்களுக்கு ஏற்கெனவே பேர்போனது. வணிக நோக்கம் ஒளிந்திருக்கவில்லை.

ஆனால் அதே காலத்தில் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பில் வாகன் 1945இல் உருவாக்கிய கேட்டி கீன் என்ற நடிகைக்கு வாசகர்கள் உடைகளை வரைந்து அனுப்பினார்கள். அவர் அவற்றைக் கதையில் சேர்த்து, அனுப்பியவர் பெயரையும் அருகிலேயே அச்சிட்டார். எங்கோ ஒரு சிற்றூரில் பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு, தன் பெயர் ஒரு கவுனுக்குப் பக்கத்தில் அச்சாகி வருவது எவ்வளவு பெரிய அங்கீகாரம்! கறுப்பினப் பெண் ஓவியரான ஜாக்கி ஓர்ம்ஸ் 1950களின் தொடக்கத்தில் தம் டார்ச்சி என்ற சித்திரக்கதைத் தொடரோடு வெட்டி உடுத்தும் காகிதப் பொம்மையையும் தந்தார். கறுப்பினப் பெண்களை வேலைக்காரிகளாகவும் கேலிச் சித்திரங்களாகவும் காட்டிப் பழகியிருந்த அமெரிக்க அச்சுலகில், நவநாகரிகமாக உடுத்தும் கறுப்பினப் பெண்ணை வரைந்ததே ஒரு வாதம்தான்.

விற்பனை, விளையாட்டுக்காரியின் கை என்ற இந்த இரு போக்குகளும் கணினியிலும் தொடர்ந்தன. மேட்டல் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ‘பார்பி ஃபேஷன் டிசைனர்’ குறுந்தகட்டைக் கொண்டு திரையில் உடையை வடிவமைத்து, அச்சுப்பொறியில் போகக்கூடிய துணியில் அச்சிட்டு, பொம்மைக்கே உடுத்தலாம். முதல் இரண்டு மாதங்களில் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. பெண் குழந்தைகள் கணினி விளையாட்டு வாங்கமாட்டார்கள் என்று நம்பிய தொழிலுக்கு அது சரியான பதில். ஆயத்தத் துண்டுகளைத் தேர்ந்து அடுக்குவது வடிவமைப்பே அல்ல என்பார்கள். ஆனால் நிறம், நீளம், பொருத்தம் ஆகியவற்றை ஒப்பிட்டு முடிவெடுப்பதுதான் வடிவமைப்பின் முதல் பாடம். அது முழுப் பாடம் அல்ல என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

உடல் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பார்பிக்கு எந்த உடை தைத்தாலும் அவளுடைய மெலிந்த இடுப்பு மாறாது. கேட்டி கீனின் வாசகர்களும் உடையைத்தான் மாற்றினார்கள், உடலை அல்ல. இதற்கு 1991இலேயே ஜப்பானில் ஒரு விடை பிறந்திருந்தது. ‘கிஸ்’ எனப்படும் கிசெகாயே முறையில் உடையும் ஒரு படலம், உடலும் ஒரு படலம். வரையத் தெரிந்த எவரும் இரண்டையும் தாமே வரைந்து, தொகுப்பாக்கி மற்றவர்களுக்குத் தரலாம். கோப்பின் அமைப்பு திறந்திருந்ததால் பல வகைக் கணினிகளுக்கு ஆர்வலர்களே அதற்கான மென்பொருளை எழுதினார்கள். இந்தத் திறந்த அமைப்பின் பயன் பின்னர் தெரிந்தது: 2020 டிசம்பர் 31இல் ஃப்ளாஷ் மென்பொருளுக்கு அடோபி நிறுவனம் ஆதரவை நிறுத்தியபோது, அதை நம்பி உலாவியில் ஓடிய எண்ணற்ற உடுத்தும் விளையாட்டுகள் திறக்காமல் போயின. சிலவற்றை ஆர்வலர்கள் போராடித்தான் மீட்டார்கள். பழைய கிஸ் தொகுப்புகளையோ அதற்குப் பிறகும் திறந்து உடுத்திப் பார்க்க முடிந்தது.